பட்டாசுக் கம்பெனி அம்பாசிடருக்கு மோட்டார் பிரேக்

1. எதிர்க்கடைக்குப் போன வண்டி

வருஷக்கணக்காக என் கை மட்டுமே பட்ட அம்பாசிடர் ஒரு நாள் காலையில் என் மெக்கானிக் ஷெட்டைத் தாண்டிப் போய் எதிர்க்கடையில் நின்றது. எதிர்க்கடைக்காரன் சாகுல், ஆட்டோ எலக்ட்ரீஷியன். விருதுநகரில் சிவகாசி ரோட்டில் அவன் கடைக்கும் என் கடைக்கும் நடுவே ரோடு மட்டும்தான். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தால் பிரயோஜனம் இல்லை.

வண்டி ராஜேஸ்வரியம்மாவுடையது. சிவகாசி பக்கத்து விஸ்வநத்தத்தில் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். அப்பா விட்டுப்போன காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவதில் அவருக்கு ஒரு கெத்து. வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டில் பிளேட் வைத்த பிறகு முதலில் என்னிடம்தான் வந்தார்.

“முருகேசு, கியரு இடது கையில போட்டுக்கிருவேன். ஸ்டியரிங்கயும் சமாளிச்சிருவேன். ஹேண்ட் பிரேக்குதான் வலப்பக்கம் இருக்கு, அத இழுக்கக் கையில தெம்பில்ல. ஏதாச்சும் பண்ணலாமா?”

“எதுக்கும்மா கஷ்டம், ஒரு டிரைவர வச்சுக்கிருங்க” என்றேன்.

அவர் கிளம்பிப் போய்விட்டார். சாகுலிடம் கேட்டிருக்கிறார். அவன் “பண்ணிருவோம்மா” என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவுதான், என் வண்டி கைமாறிவிட்டது.

2. சுவிட்ச்

அவன் வரவழைத்தது ஒரு மோட்டார் பெட்டி. அதை ஃப்ளோருக்கு அடியில் போல்ட் போட்டு மாட்டி, லீவர் இழுக்கிற அதே கேபிளை அதில் கோத்துவிட்டால், டேஷ்போர்டில் சுவிட்சை அமுக்கியதும் மோட்டார் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பழைய லீவரைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பாதி வேலையில் என்னைக் கூப்பிட்டான். “அண்ணே, பின் சக்கரத்து பிரேக் டிரம்ம மட்டும் நீங்க பாத்துக் குடுங்க. லைனிங் சரியா உக்காரலன்னா மோட்டாரு சும்மா இழுத்துக்கிட்டே கெடக்கும்.”

போனேன். குறை கண்டுபிடிக்கத்தான் போனேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வயரிங்கைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஃப்யூஸ், ரிலே, கிளிப் எல்லாம் அது அது இடத்தில் இருந்தன. ஒரு குறையும் அகப்படாதது இன்னும் எரிச்சலாக இருந்தது. லைனிங்கை அட்ஜஸ்ட் செய்து கொடுத்தேன். மேம்பாலத்து ஏற்றத்தில் நிறுத்தி அம்மா சுவிட்சை அமுக்கினார். வண்டி இம்மி அசையவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நான் செய்து கொடுத்த எந்த வேலைக்கும் அப்படிச் சிரித்ததில்லை.

3. புல் பற்றிய நாள்

அந்தக் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உள்ளே வருகிற எந்த வண்டிக்கும், நிறுத்திய கையோடு பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிடுவார்கள். எங்காவது நெருப்பு தெரிந்தால் டெர்மினலைத் தொடக் கூடாது, ஸ்டார்ட் செய்யக் கூடாது. பொறி பறக்கும். நாலு பேர் சேர்ந்து கையால் தள்ளித்தான் வெளியேற்ற வேண்டும். சாகுல் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நானும் நினைத்துப் பார்க்கவில்லை.

ஒரு நாள் வேலிக்கு வெளியே காய்ந்த புல் பற்றிக்கொண்டது. ஆட்கள் மற்ற வண்டிகளைத் தள்ளிப்போய்விட்டார்கள். அம்பாசிடர் மட்டும் பாதி கேட்டை அடைத்துக்கொண்டு நகராமல் நின்றது. கரண்ட் இல்லாமல் மோட்டார் எப்படிப் பிடியை விடும்? உள்ளே செய்து வைத்த சரக்கு, வண்டியிலோ டேங்க் நிறையப் பெட்ரோல். நல்ல வேளை, தீ வேலியைத் தாண்டுவதற்குள் மண்ணும் தண்ணீரும் அடித்து அணைத்துவிட்டார்கள்.

போன் எனக்குத்தான் வந்தது. “முருகேசு, அந்த மோட்டாரக் கழட்டிட்டுப் பழைய லீவர மாட்டிரு.”

சந்தோஷம் தாங்கவில்லை. லீவரைக் கேட்டபோது சாகுல் முகம் செத்துப் போயிருந்தது. “நானும் வாரேண்ணே” என்று பைக்கில் பின்னால் ஏறிக்கொண்டான்.

கேட்டில் அம்மா சாவியை என் கையில் வைத்தார். “இனி நான் ஓட்டல. நீ சொன்னாப்ல டிரைவரப் போட்டுக்கிருதேன்.”

நான் சொன்னதுதான், நான் கேட்டதுதான். ஆனால் அவர் வண்டியைப் பார்க்காமலே அந்தச் சாவியைக் கொடுத்த விதம் எனக்குப் பொறுக்கவில்லை. லீவரைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்கு அடியில் படுத்தேன். லாரியின் பின்கதவைப் பூட்டுகிற கொண்டி தெரியும் அல்லவா, லோடு எவ்வளவு முட்டினாலும் பிடித்திருக்கும், தட்டினால் விட்டுவிடும். அதுபோல ஒன்றை மோட்டாருக்கும் கேபிளுக்கும் நடுவில் கோத்து, பானட் திறக்கிற மாதிரி ஒரு வயரை அதிலிருந்து சீட்டுக்கு இடப்பக்கம் இழுத்தால் போதும் என்று தோன்றியது. சாகுலிடம் சொன்னேன். அவன் அளவெடுக்க ஆரம்பித்தான்.

4. கேட்டில்

மாட்டி முடித்து அதே கேட்டில் வைத்துச் சோதித்தோம். பேட்டரியைக் கழற்றியாயிற்று. அம்மா இடது கையால் வயரை இழுத்தார். கொண்டி விட்டது. வாட்ச்மேன் ஒற்றை ஆளாகத் தள்ள, வண்டி நகர்ந்தது.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. “சாகுலு, கெட்டிக்காரன்யா நீ” என்றார்.

“நான் எங்கம்மா? அண்ணன் யோசன. நான் வயரத்தான் இழுத்தேன்” என்றான், சாதாரணமாக.

இளைய மெக்கானிக்குகளுக்குத் தொழிலில் நான் சொல்வது ஒன்றுதான். எதை மாட்டுவதற்கு முன்பும் வண்டி எங்கே ஓடும் என்பதோடு, எங்கே நிற்கும் என்றும் கேளுங்கள். இன்னொன்று எனக்கே பிடிபடவில்லை. அம்மா இன்னும் அந்த வண்டியைத் தானே ஓட்டுகிறார், பிரேக் பார்க்க என்னிடமே வருகிறார். வயிற்றெரிச்சல் மட்டும் அடங்கவில்லை. அவன் இடத்தில் நான் நின்றிருந்தால், அந்தப் பாராட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.