எல்லாப் பக்கமும் கத்தும் குருவி

அப்பா கூரைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைப்பதை முதலில் கவனித்தது அம்மாதான். "உங்கப்பாருக்கும் உன்ற கிறுக்கு புடிச்சுப்போச்சு. பாரு, கைப்பிடிச் சுவர்மேல கொட்டாங்குச்சில தண்ணி, கூட குருவி திங்க ஒரு கை கம்பு" என்று சிரித்தாள்.

எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. பீளமேட்டில் காலேஜ் படிக்கும்போதுதான் பறவை பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது. பழைய பைனாகுலர் ஒன்றை வாங்கி வந்த அன்று அப்பா, "குருவி பாக்கறதுக்குமா, கண்ணு, படிக்கோணும்?" என்று கேட்டார். எங்கள் குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான். படித்ததில் எதையும் அவருக்குச் சொல்லி விளங்கவைக்க முடிந்ததில்லை. ஆபீசைப் பற்றிச் சொன்னால், "கம்ப்யூட்டர்ல" என்று தனக்குத்தானே தலையாட்டிக்கொள்வார். குருவியாவது எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாகட்டும் என்று நினைத்தேன்.

அப்பா சூலூரில் விசைத்தறி ஓட்டியவர். முட்டிவலி வந்ததால் போன வருஷம் வேலையிலிருந்து நின்றுகொண்டார். தறி ஓட்டுகிறவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது எங்கள் தெருவில் பெரிய விஷயமே இல்லை. எல்லா வீட்டிலும் கத்தித்தான் பேசுவோம். முகத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். அதனால் அவர் காது எவ்வளவு போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "எனக்கு நல்லாத்தான் கேக்குது. நீதான் முணுமுணுன்னு பேசறே" என்பார்.

எங்கள் பறவை பார்க்கும் குழு டாப்ஸ்லிப் காட்டுக்குப் போவதாக ஏற்பாடானபோது அவரையும் கூப்பிட்டேன். "அங்க ஒரு குருவி இருக்குதுங்கப்பா. ஆளு சீட்டியடிக்கிற மாதிரியே கத்தும். மழை விட்ட காலைலதான் கேக்கும்."

"சீட்டியா?" என்று நிமிர்ந்தார். "வாரேன்."

ஒருமுறை சொன்னதும் அவர் எதற்கும் இப்படி ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

விடியும் முன்பே வேன் புறப்பட்டது. அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், தறிக் கொட்டகையில் பேசுகிற அதே குரலில். எங்கள் குழுவை நடத்துகிறவர் வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வுபெற்றவர். "அப்பா பேசறதுல பொள்ளாச்சியே எந்திரிச்சுரும் போலிருக்குதுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அப்பா சிரித்தார்.

காட்டுக்குள் நடக்கும் முன் எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்வோம். புதிதாக ஒரு பறவைக் குரல் கேட்கும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும். மேனேஜர் கைதட்டியதும் கண்ணைத் திறந்து, கேட்டதைச் சொல்ல வேண்டும். அப்பாவின் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேராக நின்று விளக்கிச் சொன்னேன். சின்னப் பிள்ளைபோல் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

மழை விட்டிருந்தது. மரங்களிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குக்குறுவான், கரிச்சான், கொண்டைக்குருவி, எங்கோ ஒரு மயில். கைதட்டும் சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தோம். எல்லோர் கையிலும் பாதிக்குமேல் விரல்கள் மடங்கியிருந்தன. அப்பா மட்டும் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கையில் ஒரே ஒரு விரல் மடங்கியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

நான் கையைத் தொட்டதும் விழித்தார். மேனேஜர் மரியாதையாக அவர் முன்னால் வந்து, "என்ன குருவிங்க கேட்டுச்சு?" என்றார்.

"சீட்டிக் குருவிங்க."

எல்லோருக்கும் பரபரப்பாகிவிட்டது. அதற்காகத்தானே வந்திருந்தோம். எங்கள் யாருக்கும் அது கேட்டிருக்கவில்லை. கூட வந்த டீச்சரம்மா ஒருவர் பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு, "எந்தப் பக்கமுங்க?" என்றார்.

"எல்லாப் பக்கமுந்தானுங்க. இப்பக்கூடக் கத்துதே. உங்களுக்குக் கேக்கலீங்களா?" அப்பா எங்களை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தணிப்பதாக நினைத்துக்கொண்டு சத்தமாகவே சொன்னார்: "நம்ம ஊட்லயும் இதேதான் கண்ணு. நான் தறிய உட்டதுலிருந்து கூரை அட்டைக்கு அடியில உக்காந்து கத்திட்டே கெடக்குது. கண்ணுக்குத்தான் ஆப்புட மாட்டீங்குது. பாவம், தொண்டை காஞ்சு போயிருமேன்னுதான் தண்ணி வெச்சேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். டீச்சரம்மா பைனாகுலரை மெல்ல இறக்கினார். மேனேஜர் என்னைப் பார்க்காமல், "சரிங்க, நடக்கலாம்" என்றார்.

ஓடைக்கரையில் அது நிஜமாகவே கத்தியது. இளவட்டம் ஒருவன் வேலையில்லாமல் நடந்துகொண்டே சீட்டியடிப்பதுபோல், ஏறி, இறங்கி, மறந்துபோய், மறுபடி முதலிலிருந்து. எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். எத்தனையோ நாள் இதைக் கேட்க ஏங்கியிருக்கிறேன். அன்று என் கண் அப்பாவை விட்டு நகரவில்லை.

அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தறிச் சத்தத்துக்கு நடுவே முகத்தை வைத்தே விஷயம் பிடிக்கிற பழக்கம். எல்லோரும் பாறையின் பக்கம் தலையைச் சாய்த்திருப்பதைப் பார்த்து அவரும் சாய்த்தார். குருவி கத்துவதை நிறுத்தியது, எங்கள் தோள்கள் தளர்ந்தன. மறுபடி கத்தியது, எல்லோர் முகமும் மலர்ந்தது. அவர் காதுக்குள் கேட்கும் சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

"இதுவா?" என்று கேட்டார். ஓடை முழுக்கக் கேட்டது அந்தக் குரல். கருநீலமாக ஒன்று பாறையிலிருந்து எழுந்து புதருக்குள் மறைந்தது. யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது வேனில் அவர் பேசவேயில்லை. சேத்துமடை தாண்டி, தென்னந்தோப்புகள் வந்த பிறகு என் முழங்கையைத் தொட்டார்.

"அப்ப எனக்குக் கேக்கறது குருவி இல்லியா கண்ணு?"

ஜன்னல் பக்கம் பார்த்தபடியே, "இல்லீங்கப்பா" என்றேன்.

"என்ன சொன்னே?"

முகத்தை அவருக்கு நேராகத் திருப்பி இன்னொரு தடவை சொல்ல வேண்டியதாயிற்று. "இல்லீங்கப்பா. தறிச் சத்தத்துல காது கெட்டா உள்ளுக்குள்ள அப்படி ஒரு சத்தம் வருமுங்க. டாக்டர்கிட்டக் காட்டலாமுங்க."

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப அங்க ஒண்ணுமே இல்லை" என்றார். பிறகு, "துணைக்கு ஒண்ணு கெடக்குதுன்னு இருந்தேன்" என்றார்.

சாயங்காலம் வீட்டில் அம்மா, "என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். மயில் பார்த்தேன், காட்டெருமை பார்த்தேன் என்றார். கட்டிலில் சாய்ந்தவர், பழக்கத்தில் ஒருமுறை கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து, இரண்டு காதும் மூடும்படி தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

இத்தனை மாதமும் அந்தச் சத்தத்தோடுதான் படுத்திருக்கிறார். காதைக் கட்டிக்கொண்டு படுத்து அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.