அரிவாளோடு நிற்கும் பெண்

சவுதியில், ஜுபைலில் நான் வேலை பார்க்கும் பிளாண்டில் போலந்துக்காரர் ஒருவர் இன்ஜினியராக இருந்தார். பழைய காலண்டரிலிருந்து கிழித்த ஓவியம் ஒன்றைத் தன் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தார். அவர்கள் ஊர் ஓவியர் யாரோ நூறு வருடத்துக்கு முன் வரைந்தது. நீளமான அழுக்குக் கோட்டு போட்ட ஒருவன் தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறான். தள்ளிக் கோதுமை வயல். அவன் முதுகுப் பக்கம் திடகாத்திரமான ஒரு பெண், ஒரு கையில் பெரிய அரிவாளோடு நின்று, மறு கையால் அவன் கண்களை மூடுகிறாள். ஃபைல் கொடுக்கப் போன நான் ஒருநாள் கேட்டேன். நாடு கடத்தப்பட்டுப் பனிக்காட்டில் பல வருடம் கிடந்தவன் வீடு திரும்பியிருக்கிறான் என்றார். அந்தப் பெண் அவன் மனைவியா என்றேன். இல்லை, அவள்தான் சாவு என்றார். அவர்கள் நாட்டில் சாவு பெண்ணாம். எருமையும் கிடையாது, கயிறும் கிடையாது, அரிவாள்தானாம். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது படத்தை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார்.

கேம்ப் ரூமில் அதை என் கட்டிலுக்கு மேலே ஒட்டினேன். எதிர்க் கட்டிலில் அறந்தாங்கிப் பக்கத்து அண்ணன் ஒருவர் இருந்தார். சாரம் கட்டுகிற வேலை, சவுதிக்கு வந்து இருபத்திரண்டு வருடம். படத்தைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கதிர் அறுத்துக்கொண்டிருந்தவள் புருஷன் வந்த சேதி கேட்டு, அரிவாளைக்கூடக் கீழே போடாமல் ஓடி வந்து, பின்னாலிருந்து கண்ணைப் பொத்தி விளையாடுகிறாள் என்று ரூமில் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். கல்யாணமான புதிதில் அவர் மனைவியும் அப்படிப் பொத்துவாளாம்.

நான் திருத்தவில்லை. பொறாமைதான், வேறென்ன. நான் போன் பண்ணினால் என் மனைவி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்ப்பாள். இந்த மனிதரோ தினமும் டூட்டிக்குக் கிளம்பும்போது அந்த அரிவாள்காரியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். எனக்கு எரிந்தது. அவர் ஏமாறுவதைப் பார்ப்பதில் ஒரு சுகமும் இருந்தது.

போன வருடம் மெடிக்கலில் அவருக்குக் கண் பார்வை போதாது என்று வந்துவிட்டது. சுகர் செய்த வேலை. உயரத்தில் ஏற முடியாதவன் எதற்கு என்று கம்பெனி விசாவை முடித்து எக்ஸிட் அடித்துவிட்டது. அவர் அழவில்லை. மிச்சக் காலமாவது பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கலாம், அது போதும் என்றார். அவருக்கு இருந்த ஆசையே அது ஒன்றுதான். ஒரேயடியாக வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டார். சொல்லாதீர்கள், லீவு என்று போய் நேரில் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள் என்றேன். சந்தோஷப்பட மாட்டார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை அவர் தன் கண்ணாலேயே பார்க்கட்டும் என்று இருந்தது. படத்தை ஆசையாகக் கேட்டார். நானே சுருட்டி, ஒரு பைப் துண்டுக்குள் செருகி, அவருடைய கார்ட்டனோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவரிடமிருந்து போன் வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். படத்துக்குக் கண்ணாடி போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறாராம், அதற்குக் கீழேதான் படுக்கையாம். ஏசி ரூம் மகனுடையது. முதல் பத்து நாள் கறியும் மீனுமாக நன்றாகத்தான் கவனித்தார்களாம். எப்ப வந்தீங்க, எப்பப் போறீங்க என்று தெருவில் கேட்பார்களே, நம் ஊர்களில் வளைகுடாக்காரனை விசாரிக்கிற விதமே அதுதானே, அதற்குச் சிரித்துச் சமாளித்திருக்கிறார். இருபதாம் நாள் இனிமேல் போகவில்லை என்று வீட்டில் சொன்னார். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் ஒரு ஏஜென்ட் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள். கத்தார் போனால் என்ன என்று மகளும் கேட்டாளாம். அதிலிருந்து காலை டீயோடு தினமும் அதே கேள்வி, எப்பப் போறீங்க.

பிறகு படத்துக்கு வந்தார். மகன் அதைச் செல்லில் போட்டோ எடுத்துத் தேடிப் பார்த்து, அந்த அரிவாள்காரி யார் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறான். சிரித்துக்கொண்டே சொன்னானாம்.

"ஏந்தம்பி, தெரிஞ்சுதானே குடுத்த?" என்றார்.

சும்மா விளையாட்டுக்குச் செய்தேன் அண்ணே, கழற்றிப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"கெடக்கட்டும். இந்த வீட்ல அவ ஒருத்திதான் எப்பப் போறன்னு கேக்கல."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில் சொன்னார். சைட்டிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்று, லீவு நாளான வெள்ளிக்கிழமையில் அவரிடமே பொய் சொல்லிவிட்டு போனை வைத்தேன்.