பெட்டியக்காவின் பின் ஷாக்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைப் பெட்டியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரோரத்துச் சின்ன கிளினிக்குகளில் எடுக்கும் ரத்தக் குழாய்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி, தன் சின்ன பைக்கின் பின் கேரியரில் கட்டிக் கூடத்துக்குக் கொண்டுவருவது அவள் வேலை. அதற்கு முன் ஒரு சோப்புக் கம்பெனியில் பேக்கிங் செய்தாள். அங்கே முதுகுக்குப் பின்னால் எந்நேரமும் ஒரு சூப்பர்வைசர் நின்றுகொண்டிருப்பார். நாற்பது தாண்டி பைக் ஓட்டக் கற்றதே அந்த நிழலிலிருந்து தப்பத்தான். சுதந்திரம் போன்ற பெரிய சொற்களை அவள் சொன்னதில்லை. "பின்னாடி யாரும் இல்ல" என்பாள், அவ்வளவுதான்.

குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்ட பிறகு, அவள் கொண்டுவரும் ரத்தத்தில் சில கெட்டுப்போயின. மேலே மஞ்சளாகத் தெளிய வேண்டிய நீர் சிவந்து நின்றது. குலுங்கலில் அணுக்கள் உடைந்துவிட்டன என்றாள் டெக்னீஷியன் பெண். நோயாளிக்கு மறுபடியும் ஊசி. மேனேஜர் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா ரூட்டை கார்க்காரர்கிட்ட குடுத்துடுவேன். நீங்க உள்ளேயே பேக்கிங் பாத்துக்கலாம்."

பேக்கிங் என்றதுமே அவளுக்கு அந்தச் சூப்பர்வைசரின் நிழல் ஞாபகம் வந்தது. நேராக மெக்கானிக்கிடம் போனாள்.

"பின் சக்கரத்து ஷாக் அப்சார்பர் ரெண்டும் செத்துப்போச்சுக்கா. ஆயில் ஒழுகுது பாருங்க. இதே மாதிரி போட்டா மறுபடி இதே கதைதான். பெரிய வண்டியோட ஷாக் இருக்கு, மாட்டிவிடறேன். மெத்தை மாதிரி போவீங்க."

"சின்ன வண்டிக்குப் பெரிய வண்டி கால் எதுக்குப்பா?"

"கெட்டியா இருந்தா நல்லதுதானேக்கா."

கெட்டியானது நல்லது என்று நினைப்பதில் அவளும் அவனும் ஒரே கட்சி. மாட்டியதும் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டது. ஏறி உட்கார்ந்தால் அவள் கால் நுனிதான் தரையில் பட்டது.

நோயாளியின் ரத்தத்தை வைத்துச் சோதிக்க அவளுக்கு மனம் வரவில்லை. விடுமுறை நாளில் டெக்னீஷியனிடம் கையை நீட்டினாள். "என்னோடதை எடும்மா. ஏழெட்டுக் குழாய்ல ரொப்பு."

"அக்கா, உங்களுக்கு முத்திப்போச்சு!" என்று சிரித்துக்கொண்டே அந்தப் பெண் ஊசியைப் போட்டாள்.

முதல் குழாய்களைக் கேரியர் பெட்டியில் வைத்து, கிளினிக் வரை போய்த் திரும்பினாள். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டி துள்ளி விழும் சத்தம் கேட்டது. ரத்தம் பிரிக்கும் இயந்திரத்தில் குழாய்களை வைத்துச் சுழற்றிப் பார்த்தார்கள். ஒரே சிவப்பு. பழைய ஷாக்கே தேவலை போலிருந்தது.

வீட்டுக்குப் போய் கணவரை இழுத்து வந்தாள். அவர் தையல்காரர். உட்கார்ந்தே தொழில் செய்து ஆள் நன்றாகப் பருத்திருந்தார்.

"எங்க இடிக்குதுன்னு பின்னாடி உக்காந்து பாத்துச் சொல்லுங்க. பெட்டியை மடியில வெச்சுக்கங்க."

"லீவு நாள்ல மனுஷனை மூட்டை மாதிரி ஏத்தறியே!"

"மூட்டைன்னா வாயைத் திறக்காது."

திரும்பி வந்தபோது அவர் முகம் மலர்ந்திருந்தது. "இடிக்கவே இல்லடி. சோபா மாதிரி இருந்துச்சு." குழாய்களைப் பார்த்தார்கள். மேலே மஞ்சள் நீர் கண்ணாடி போல நின்றது.

அவளுக்கு இரண்டு விஷயம் உறைத்தது. அந்த ஸ்பிரிங் இவர் போன்ற கனத்துக்குத்தான் அமுங்கும். ஒல்லியான அவளுக்கு அது இரும்புத் தடி. பெட்டி தப்பித்ததோ ஷாக்கால் மட்டும் அல்ல, மடியின் சதையாலும்தான்.

"அப்ப தினமும் என்னையும் ஏத்திக்கிட்டுப் போவியா?"

"உங்களுக்குப் பெட்ரோல் போட்டே நான் ஓட்டாண்டி ஆயிடுவேன்."

கணவரின் கடையிலிருந்த தடித்த துணியில் தோள்வார் தைத்து, பெட்டியை முதுகோடு இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பள்ளம் வந்தபோதெல்லாம் வண்டியின் கால்மிதியில் கால்களை ஊன்றி இருக்கையிலிருந்து லேசாக எழுந்தாள். முழங்கால்கள் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. அந்தச் சுற்றின் குழாய்களும் மஞ்சளாகவே தெளிந்தன. அன்று இரவு நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் மேனேஜரே இயந்திரத்தின் பக்கத்தில் வந்து நின்றார். நோயாளிகளின் குழாய்களை டெக்னீஷியன் ஒவ்வொன்றாக விளக்குக்கு நேரே தூக்கிக் காட்டினாள். ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

"புது ஷாக் போட்டீங்களாமே. அதுதான் காரணமா?" என்றார் மேனேஜர்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "பாதி வீண் சார். பெட்டியை முதுகுல கட்டிக்கிட்டதாலதான் ரத்தம் தப்பிச்சுது. என் வீட்டுக்காரருக்குத்தான் அது ஒத்துப்போச்சு. எனக்குப் பழைய அளவுலயே புதுசு போட்டிருந்தா போதும்."

"சரி, ரூட் உங்களுக்கே இருக்கட்டும்."

அவள் மூச்சை நீளமாக விட்டாள். அத்தனை நாள் அதைப் பிடித்துவைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. காலிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த கிளினிக்குக்குக் கிளம்பினாள்.