கவிழ்த்து வைத்த சட்டைகள்

செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. ஆனையூரில் ராஜேந்திரனின் தையல் யூனிட் வாசலில் முதலில் கண்ணில் பட்டவை மூன்று சாக்கு மூட்டைகள். ஒவ்வொன்றின் மேலும் சிவப்பு மார்க்கரில் ஒரே சொல் எழுதியிருந்தது. ரிட்டர்ன்.

ராஜேந்திரன் என் கல்லூரித் தோழன். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறான். உள்ளே எட்டு மேஜை, எட்டுப் பெண்கள். முன்னறையில் போனும் அவனும். எப்போது போனாலும் "வா மாப்ள" என்று முதலில் டீ சொல்லுவான். அன்று சொல்லவில்லை. ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, வெள்ளைச் சட்டை ஒன்றை உருவி என் மடியில் போட்டான்.

பாக்கெட் சாய்ந்திருந்தது. பார்க்கிறவர்கள் தலையைச் சாய்த்துக்கொள்ளும் அளவுக்கு.

"பள்ளிக்கூடம் தொறந்து பத்து நாள்தான் ஆகுது. அதுக்குள்ள இம்புட்டு திரும்பி வந்துருச்சு. காலர் ஒரு பக்கம் நீளமாம். ஒரு பையன் டீச்சர்கிட்ட கையைத் தூக்கியிருக்கான், அக்குள்ல பிரிஞ்சு தொங்கிருச்சாம். ஒழுங்காத் தச்சுக் குடு, இல்லேன்னா அடுத்த வருசம் இந்தப் பக்கமே வராதேன்னுட்டாங்க."

"எப்படி ஆச்சு?"

அவன் என்னைப் பார்த்தான். "நீயே சொல்லு. நீதானே ஸ்டாப்வாட்ச்ச வச்சுக்கிட்டு உக்காந்திருந்த."

உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி.

ஏப்ரல் கடைசி வாரம் அவன் போன் செய்தான். ஜூனுக்குள் தைத்து முடிக்க வேண்டிய சட்டைகள் முடியாது போலிருக்கிறது, எங்கே இடிக்கிறது என்றே தெரியவில்லை என்றான். அதே சமயத்தில் நாகமலை புதுக்கோட்டையில் சிறுதொழில் செய்பவர்களுக்கான பயிற்சி முகாம் ஒன்றில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். தலைப்பு, உற்பத்தி நிர்வாகம். எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. அதனால் இரண்டு புத்தகங்கள் வாங்கிப் படித்திருந்தேன். நான் இரண்டு புத்தகம் படித்து முடித்திருக்கும் நேரத்தில் என் பக்கத்தில் யாரும் வராமல் இருப்பது நல்லது. ராஜேந்திரன் வந்துவிட்டான்.

புத்தகங்கள் சொன்னது எளிமையான விஷயம். நம்மூர் புரோட்டாக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு பிசைபவர் எவ்வளவு வேகமாகப் பிசைந்தாலும், வீசுபவர் எவ்வளவு வேகமாக வீசினாலும், கல் ஒன்றுதான். கல்லில் எத்தனை வேகிறதோ அத்தனைதான் இலைக்கு வரும். தொழிற்சாலையோ ஆஸ்பத்திரியோ ரேஷன் கடையோ, எங்கே குவிகிறது என்று பார். அங்கேதான் அடைப்பு. அதைச் சரிசெய்தால் எல்லாம் ஓடும்.

இது உண்மைதான். இப்போதும் அதில் எனக்குச் சந்தேகமில்லை.

இரண்டு நாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஒரு கையில் செல்போன் ஸ்டாப்வாட்ச், மறுகையில் நோட்டு. பத்திரிகையில் காலம் தள்ளியவனுக்கு இந்த இரண்டும் கிடைத்தால் தான் பெரிய ஆள் என்ற எண்ணம் தானாக வந்துவிடும். முதல் மேஜையில் பாக்கெட். அப்புறம் தோள், காலர், கை, பக்கவாட்டு. ஆறாவது மேஜையில் கீழ் மடிப்பு அடிப்பது. ஏழாவதில் பட்டன். எட்டாவதில் இஸ்திரி போட்டு, எண்ணி, கட்டுவது.

ஆறாவது மேஜையில்தான் குவிந்தது. அந்த அம்மாவின் மோவாய் வரை சட்டைகள், கை செய்வது எனக்குத் தெரியவில்லை. இருப்பதிலேயே சுலபமான வேலை அது... நேராக ஒரு தையல், அவ்வளவுதான். மற்றவர்கள் ஒரு சட்டையை முடிக்கிற நேரத்தைப் போல மூன்று மடங்கு அவருக்கு ஆனது. பெயர் பாண்டியம்மாள். ஐம்பதைத் தாண்டிய வயது. மூக்குக் கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். இரண்டு நாளும் அவர் தலை நிமிரவில்லை.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். ராஜேந்திரனின் நாற்காலிக்குப் பின்னால் ஒரு கரும்பலகை. யார் தைத்ததில் தப்பு வருகிறதோ அவர் பெயரைச் சாயங்காலம் அதில் எழுதுவான். ஒரே வாரத்தில் மூன்று நாள் பெயர் ஏறினால் அடுத்த வாரம் வேலை கிடையாது. நான் இருந்த இரண்டு நாளும் பலகை சுத்தமாகக் காலி. 'தரத்தில் பிரச்சினை இல்லை. வேகத்தில்தான்' என்று எழுதிக்கொண்டேன்.

ராஜேந்திரனிடம் சொன்னேன்: "உன் பிரச்சினைக்குப் பேரு ஆறாவது மேஜை."

நம்பினான். மறுநாளே பாண்டியம்மாளை எழுப்பி, தரையில் உட்கார்ந்து நூல் பிசிறு வெட்டச் சொன்னான். அவர் இடத்தில் கைவேகமுள்ள புதுப்பெண் ஒருத்தி. நாலாவது நாள் பாண்டியம்மாள் வேலைக்கு வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் குவியல் காணாமல் போயிருந்தது. சட்டைகள் தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

நானும் சும்மா இருக்கவில்லை. மே மாதம் இதே பக்கத்தில் எழுதினேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். 'ஆறாவது மேஜையில் ஓர் அம்மா. சட்டையைத் தைக்கிறாரா, தாலாட்டுகிறாரா என்று தெரியவில்லை.' நிறையப் பேர் ரசித்ததாகச் சொன்னீர்கள். பயிற்சி முகாமிலும் அதே வரியைச் சொன்னேன். கைதட்டல் வந்த இடமும் அதுதான்.

சரி, மறுபடியும் செவ்வாய்க்கிழமைக்கு வருவோம்.

சாய்ந்த பாக்கெட்டை நான் விரலால் நீவிக்கொண்டிருந்தேன், நீவினால் நேராகிவிடும் என்பதுபோல. முன்னறைக் கதவருகே செல்வி வந்து நின்றார். முதல் மேஜை. பாக்கெட் தைப்பவர்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். பலகையில எழுத மாட்டீகள்ல?"

"சொல்லும்மா."

"எழுத மாட்டேன்னு சொல்லுங்க மொதல்ல."

"எழுதல. சொல்லு."

"பாக்கெட்டு சாயுறது இன்னைக்கு நேத்து இல்லண்ணே. என் மிஷினு எப்பவுமே துணியை இழுக்கும். பத்துக்கு ஒண்ணு சாயும். முன்னாடி அக்கா பாத்துக்கிருவாக."

"எந்த அக்கா?" என்று நான் கேட்டேன். கேட்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

"பாண்டியம்மாக்காதான் சார். தப்பாப் போச்சுன்னா சட்டையைக் கவுத்தி வச்சிருவோம். பாக்கெட்டுப் பக்கம் கீழ. அக்காவுக்குப் புரிஞ்சுரும். பிரிச்சு, திரும்பத் தச்சு, மடிப்பும் அடிச்சு அனுப்பிருவாக. பலகைக்கு ஒண்ணும் போகாது."

"நீ மட்டுமா?" என்றான் ராஜேந்திரன்.

"முன்னால உள்ள அஞ்சு பேருந்தான்."

ராஜேந்திரனின் முகம் சிவந்தது. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? மிஷினை மாத்தியிருப்பேன்ல?"

"சொன்னா எழுதுவீகளே அண்ணே."

"அக்கா போனதுக்கு அப்புறம் என்ன செஞ்சீக?" என்றான் அவன்.

செல்வி தரையைப் பார்த்தார். "பழக்கதோஷம்... கவுத்தித்தான் வச்சோம். புதுப் புள்ளைக்கு என்ன தெரியும்? நிமித்திப் போட்டு மடிப்பை அடிச்சு அனுப்பிருச்சு."

எட்டாவது மேஜையில் தையலைப் பார்க்கவில்லை, எண்ணினார்கள். எண்ணிக்கை சரியாக இருந்தது.

வீட்டுக்கு வந்து ஏப்ரல் மாத நோட்டைத் தேடி எடுத்தேன். முதல் நாள், 11.40: 'ஆறாவது மேஜை. குவியலில் சில சட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டுள்ளன.' இரண்டாம் நாள், 3.05: 'மறுபடியும் கவிழ்ந்த சட்டைகள்.' என் கையெழுத்துதான். பார்த்திருக்கிறேன். நேரம் போட்டு எழுதியும் இருக்கிறேன்.

கேட்கவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் நிருபர்களுக்கு நான் வகுப்பெடுத்ததுண்டு. ஒருவரைப் பற்றி நாலு வரி எழுதும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேள், அவர் தரப்பு என்று ஒன்று இருக்கும் என்பேன். எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருக்கிறேன்! பாண்டியம்மாளிடமிருந்து ஆறடி தூரத்தில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். குவியல் எங்கே என்று கடிகாரம் சொன்னது. ஏன் என்று சொல்ல அவர் இருந்தார். நான் கடிகாரத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பசுமலை போனேன். அங்கே ஒரு மாணவர் விடுதிச் சமையலறையில் பாண்டியம்மாள் இப்போது வேலை செய்கிறார். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். அதே கண்ணாடி, அதே நூல்.

"வாங்க சார். கடியாரம் கொண்டாந்தீகளா?"

"இல்லம்மா."

"பீன்சும் மெதுவாத்தேன் நறுக்குவேன். பாத்து எழுதிக்கங்க."

பக்கத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நீங்க எழுதுனதை என் மக வீட்டுல மருமகன் சத்தமா வாசிச்சாக சார். நாந்தேன்னு தெரிஞ்சேதான் வாசிச்சாக. தாலாட்டுன்னு எழுதியிருந்தீகள்ல... அந்த எடத்துல சம்பந்தியம்மா சிரிச்சாக. நானும் சிரிச்சேன். வேற என்ன செய்ய?"

"உங்க பேரைப் போடலையேம்மா நான்..."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே நாக்கு கூசியது.

"ஆறாவது மேஜைன்னு போட்டீகளே. ஆனையூர்ல ஆறாவது மேஜை யாருன்னா பால்வாடிப் புள்ள சொல்லும்."

"அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"என்னன்னு சொல்ல? செல்விக்குப் பாக்கெட்டு நேரா வராதுன்னா? இன்னொருத்திக்கு ஒரு கண்ணு சரியாத் தெரியலைன்னா?" கத்தி நின்றது. "அவளுகளுக்கு ஒரு வாரம் வேலை இல்லைன்னா வீட்டுல அடுப்பு எரியாது சார். என்னய மெதுவான ஆளுன்னு சொன்னா, சொல்லிட்டுப் போங்கன்னு இருந்துட்டேன். நீங்க ஊருக்கே சொல்லுவீகன்னு நெனைக்கல."

ராஜேந்திரன் திரும்பவும் அழைக்கிறான், அதே மேஜை என்று சொன்னேன். மூட்டைகள் வந்திருப்பதையும் சொன்னேன். அவர் மறுபடி நறுக்க ஆரம்பித்தார்.

"மூட்டையைத் தச்சுக் குடுத்துர்றேன். ஆர்டரு போனா அவளுகதானே நடுத்தெருவுல நிப்பாளுக. மேஜைக்கு வரல சார். இங்கன யாரும் மணி பாக்கல. சோறு வெந்துச்சான்னு மட்டுந்தேன் பாக்குறாக."

கிளம்பும்போது கூப்பிட்டார். "ஒண்ணே ஒண்ணு. அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லுங்க."

சொன்னேன். "பாக்குறேன் மாப்ள" என்றான் ராஜேந்திரன்.

வியாழன், வெள்ளி, சனி... மூன்று நாளும் சமையல் வேலை முடித்து மதியத்துக்கு மேல் ஆனையூர் வந்தார். ஆறாவது மேஜையில் உட்காரவில்லை. மூலையில் கிடந்த பழைய மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டார். சனிக்கிழமை நான் போயிருந்தேன். செல்போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். ஒரு சட்டையை எடுப்பார், வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்புவார், பிளேடால் தையலைப் பிரிப்பார். சில சட்டைகளைப் பார்த்ததும் லேசாகச் சிரிப்பு வந்தது அவருக்கு.

"யார் தச்சதுன்னு பாத்தாலே தெரிஞ்சுருமா?"

"தெரியாம என்ன? கையெழுத்து மாதிரித்தேன்."

"இது யார் கை?"

கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "யாரு கைன்னு பலகை கேட்டுத்தானே சார் இம்புட்டும் ஆச்சு."

இதைப் பற்றி எழுதப்போகிறேன் என்றேன். தப்பாகப் போட்ட செய்திக்குப் பத்திரிகையில் திருத்தம் போடுவது உண்டு என்றும் சொன்னேன். வழக்கமாக அது எங்கேயாவது மூலையில், பொடி எழுத்தில், படிக்கிறவர் கண்ணில் படாதபடி வரும் என்பதைச் சொல்லவில்லை.

"பெருசா ஒண்ணும் வேணாம். நான் மெதுவாத் தைக்கலைன்னு எழுதுங்க. இந்தத் தடவை பேரைப் போட்டே எழுதுங்க. சம்பந்தியம்மா வாசிக்கட்டும்."

இந்தப் பத்தியில் மற்ற எல்லாருடைய பெயரையும் மாற்றியிருக்கிறேன். அவருடையதை மாற்றவில்லை.

திருத்தம்: ஆறாவது மேஜையில் இருந்த பாண்டியம்மாள் மெதுவாகத் தைக்கவில்லை. ஐந்து மேஜைகளின் தவறுகளைப் பிரித்துத் தைத்து, அதற்கு மேல் தன் வேலையையும் செய்துகொண்டிருந்தார். இதைத் தவறாக எழுதியவன் நான்.

சனிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு மூன்றாவது மூட்டையும் முடிந்தது. பாண்டியம்மாள் பிளேடைக் காகிதத்தில் சுற்றிச் செல்வியிடம் கொடுத்துவிட்டு, பசுமலை பஸ்ஸுக்குப் போய்விட்டார். பட்டன் மேஜைக்கு முன்னால் சட்டைகளில் தப்புப் பார்த்து அனுப்ப இப்போது ஒருவரைப் போட்டிருக்கிறான் ராஜேந்திரன்.

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு மறுபடி அந்த வழியாகப் போனேன். பலகை அதே ஆணியில் தொங்கியது. அதில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று, செல்வி.