மாமியாரை அறுக்கிற நாள்

எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் கரப்பான்களையும் அந்துப்பூச்சிகளையும் வளர்ப்பவருக்குப் பூச்சியக்கா என்று பெயர். ஈரப் பஞ்சை மாற்றுவது, பூச்சி ஏறி ஓடாமல் இருக்கப் பெட்டி விளிம்பில் வாசலின் தடவுவது, செத்ததைப் பொறுக்குவது என்று காலையிலிருந்து குனிந்த தலை நிமிராமல் வேலை செய்வார். எல்லாம் அந்தப் பூச்சிகளின் வயிற்றில் குடியிருக்கும் நூற்புழுக்களுக்காக.

இங்கே ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெட்டியிலும் வயதில் மூத்த பெரிய பெண் கரப்பானை மாமியார் என்போம். தீனித் தட்டை விட்டு அது நகராது, மற்றதை அண்டவும் விடாது. யார் வைத்த பெயரோ, பொருத்தமாகத்தான் வைத்திருக்கிறார்கள். புழுவைப் பார்க்க முதலில் அறுப்பதும் அதைத்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மறுநாள் என்ன வேலை என்று கேட்க அக்காவுக்குப் போன் செய்தேன். பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொன்னார்.

"மாமியாருக்கு வயசாயிடுச்சு. இன்னும் எத்தனை நாளைக்குத் தீனி போடுறது? காலைல ஃப்ரிட்ஜ்ல வச்சு மயக்கிட்டு அறுத்துடலாம்."

பக்கத்து அறையில் இருந்த நிஜ மாமியாரின் காதில் இது விழுந்துவிட்டது.

அந்தம்மா சண்டை போடவில்லை. மூத்த மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுத் துணிகளைப் பையில் அடுக்கினார். அவர் போய்விட்டால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. அக்கா வேலைக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். அக்கா என்ன விளக்கியும் அந்தம்மா நம்பவில்லை. கரப்பானுக்கு எவளாவது மாமியார் என்று பெயர் வைப்பாளா என்று கேட்டாராம். கேட்டதில் நியாயம் இருக்கிறது.

மறுநாள் அவர் பேருந்து நிலையத்துக்குக் கிளம்பியபோது, போகிற வழிதானே என்று அக்கா கெஞ்சிக் கூத்தாடி அவரை ஆராய்ச்சிக்கூடத்துக்குள் அழைத்து வந்துவிட்டார். குழந்தையை என் கையில் திணித்தார்கள். எனக்குக் கரப்பானே தேவலை.

முதலில் அந்துப்பூச்சித் தட்டு. நூற்புழு புகுந்த லார்வாக்கள் இரண்டே நாளில் செத்துத் தொளதொளவென்று கிடந்தன. அந்தம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்து அக்கா பெரிய கரப்பானை மயக்கி, அறுத்து, குடலை நுண்ணோக்கியின் கீழ் வைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் புழுக்கள் நெளிந்தன. தோளில் பையோடு அந்தம்மா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"இத்தனையை வயித்துல வச்சுக்கிட்டு இது எப்படி உயிரோட இருந்துச்சு?"

"இது அந்துப்பூச்சியைக் கொன்ன புழு இல்ல, வேற புழு, அத்தை. கரப்பான் தின்னதுல மிச்சத்தைத் தின்னுட்டு அதுபாட்டுக்கு இருக்கும். ஒரு கெடுதலும் பண்ணாது."

அந்தம்மா கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்போ நீ இந்தப் புழுவா, அந்தப் புழுவா?"

அக்கா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்னைத்தான் பார்த்தார்.

"இந்தப் புழுதான், அத்தை."

அந்தம்மா பையைக் கீழே இறக்கி வைத்தார். என்னிடமிருந்து குழந்தையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பையை எடுத்துவரும்படி மருமகளுக்குக் கண்ணைக் காட்டினார். வாசல் வரை போனவர் நின்று திரும்பினார்.

"முதல்ல அந்தக் கரப்பானுக்குப் பேரை மாத்து. சம்பந்தின்னு வை."