பொலிசிடம் சொன்னது செல்லாது

போன கிழமை நீதிமன்றத்திலிருந்து கடிதம் வந்தது. நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்து தீர்ப்புச் சொல்ல, சட்டம் படிக்காத சனத்திலும் ஆள் எடுப்பது டென்மார்க் வழக்கம். இந்தமுறை என்னை எடுத்திருக்கிறார்கள். என் மனிசி நாலு பேருக்கு டெலிபோனில் சொல்லிச் சந்தோசப்பட்டாள். எனக்குக் காது சுட்டது.

சட்டம் என்றால் எனக்கு அரக்கும் எலிப்புழுக்கையும் மணக்கும். யாழ்ப்பாணத்தில் ஒரு வக்கீலின் கந்தோர் மணம் அது. அங்கே இரண்டு வருடம் டைப் அடித்தேன், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன். என் சட்டப்படிப்பு அவ்வளவுதான். எண்பத்தைந்தில் சில்க்போர்க்கிற்குப் பக்கத்தில், அகதிகளைத் தங்கவைத்த விடுதியில், ‘அப்புக்காத்து’ என்று பெரிய வக்கீல் பட்டம் கிடைக்க அது போதுமாக இருந்தது. பட்டம் எனக்குப் பிடித்திருந்தது.

சூசை அண்ணை மன்னாரில் கடற்றொழில் செய்தவர். ஆமிக்காரன் அடித்த தழும்பு முதுகு முழுக்க இருந்தது. ஒருநாள் குசினியில் மீன் பொரித்தபடி கேட்டார்:

“அப்புக்காத்தர், பொலிஸ் விசாரணைக்குக் கூப்பிடுறாங்கள். காம்பிலை அடிச்சதெல்லாம் சொல்லவேணுமோ?”

“வாய் திறக்காதேங்கோ அண்ணை. பொலிசிட்டைச் சொன்னது செல்லாது. நீதவானுக்குத்தான் சொல்லவேணும்.”

“அது எங்கடை ஊர்ச் சட்டமெல்லோ?”

“எங்கடையோ? இங்கிலீசுக்காரன்ரை! ராசாவையே மடக்கி உரிமை எழுதி வாங்கின ஆக்கள். இவங்களும் வெள்ளையள்தானே.”

எவ்வளவு மடைத்தனம். இங்கிலீசுக்காரன் டென்மார்க்கை ஆண்டதேயில்லை. ஒரு காலத்தில் டெனிஷ் ராசாதான் இங்கிலாந்தை ஆண்டானாம். இங்கே அகதி வழக்கில் பொலிசிடம் முதல் சொல்வதுதான் அடித்தளம். அது எனக்குத் தெரியாது, சரி. ஆனால் அந்த இங்கிலீசு விதியை ஊரிலேயே பயங்கரவாதச் சட்டம் தூக்கி எறிந்துவிட்டது எனக்குத் தெரியும். அந்த வழக்குகளுக்கு நானே டைப் அடித்தவன். தெரிந்துகொண்டுதான் பீற்றினேன்.

இதைவிடக் கேவலம் ஒன்றிருக்கிறது. என் விசாரணை அவருடையதற்கு முதல்நாள். பொலிஸ்காரன் கோப்பி ஊற்றித் தந்தான். அரைக்கோப்பை முடியமுன் பிறந்ததிலிருந்து விமானம் ஏறியதுவரை கொட்டிவிட்டேன். மொழிபெயர்ப்பாளர், “மெதுவாத் தம்பி, மூச்சு விடும்,” என்றார்.

பின்னேரம் சூசை அண்ணை வாசலில் நின்றார்.

“என்ன தம்பி, வாய் திறந்தனீரோ?”

“இல்லை அண்ணை. ஒரு சொல்லும் சொல்லேல்லை.”

அவர் என்னை நம்பினார். அடுத்தநாள் பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டு, மிச்சத்தை நீதவானுக்குச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். எனக்கு விசா வந்தது. அவருக்கு மறுப்பு வந்தது. மேன்முறையீட்டில் உண்மையாகவே ஒரு நீதிபதி இருந்தார். சூசை அண்ணை சேட்டைக் கழற்றி முதுகைக் காட்டினாராம். இதை ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டார்களாம். யார் சொல்லித் தடுத்தது என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை.

ஊருக்குத் திருப்பி அனுப்புகிற அன்று என் அறைக் கதவைத் தட்டினார். “தம்பி, போட்டு வாறன்.” நான் நித்திரைபோலக் கிடந்தேன்.

விடுதியை இடித்து வீடுகள் கட்டிவிட்டார்கள். அங்கிருந்த எங்கள் ஆட்கள் ஸ்கீவ, இஷொய் என்று ஊரூராய்ச் சிதறினார்கள். பலர் செத்தும் போனார்கள். மன்னார் ஆட்களைக் கண்டால் முந்திக்கொண்டு வேறு கதை கதைப்பேன். சூசை அண்ணைக்கு என்ன நடந்தது என்று ஒருவரையும் கேட்டதில்லை. அவரைத் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்சாமல் போகும்வரைக்கும் கேட்காமலே இருந்துவிட்டேன்.