கட்டிலுக்குப் போட்ட நான்கு சக்கரங்கள்

என் மனைவி காலை முறித்துக்கொண்டு படுத்திருந்த மூன்று மாதங்களை நினைத்து நான் இன்னும் ஏங்குகிறேன் என்றால் அடிக்க வருவீர்கள். அவளும் ஒருமுறை வந்திருக்கிறாள். அதனால் முழுவதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்குக் கண்டோன்மெண்டில் பழைய மரச்சாமான் கடை ஒன்றில் வேலை. வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த காலம். அவர்கள் விட்டுப்போன சோபா, பியானோ, தேநீர் மேசை எல்லாவற்றுக்கும் காலடியில் குட்டிப் பித்தளைச் சக்கரங்கள் இருக்கும். நடனமாட அறையைக் காலி செய்ய வேண்டுமே, அதற்கு. வாங்க வருகிற நம்மவர்களோ, "ஓடுற நாற்காலி வீட்டுக்கு ஆவுமா? கழட்டிக் குடுங்க" என்பார்கள். கழற்றுவது என் வேலை. ஆஸ்பத்திரியும் ஹோட்டலும் கேட்டால் அதையே மாட்டிக் கொடுப்பதும் என் வேலை. அச்சில் சுற்றிய முடியையும் நூலையும் பிளேடால் அறுத்தெடுத்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் ஊதினாலே சுழலும். சக்கர நிபுணன் என்று எனக்கொரு பட்டம் இருந்தது. நானே கொடுத்துக்கொண்டதுதான்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அவள் துணி துவைக்கிற கல்லருகே வழுக்கி விழுந்தாள். தொடை வரை மாவுக்கட்டு. பிரேசர் டவுனில் எங்கள் வாடகை வீடு ரயில்பெட்டி மாதிரி ஒரே நீளம். முன்னால் தெருக்கதவு, பின்னால் அடுப்பு, நடுவே வெளிச்சம் எட்டாத இடத்தில் கட்டில்.

"தெருவைப் பாத்து இருபது நாளாச்சுங்க. பூக்காரம்மா குரல் கேக்குது, மூஞ்சி மறந்துபோச்சு."

"நான் பாத்துட்டு வந்து சொல்றேனே."

"நீங்க சொன்னா பூக்காரம்மாவுக்கும் மீசை முளைச்சிடும்."

முதலாளியிடம் கேட்டு நான்கு சக்கரங்கள் கொண்டுவந்தேன். ஞாயிற்றுக்கிழமை அவளைப் பாயில் கிடத்தி, கட்டிலைக் கவிழ்த்துப்போட்டு, கால்களில் துளையிட்டு மாட்டினேன். சாயங்காலம் அவளைத் தெருக்கதவு வரை தள்ளிக்கொண்டு போனேன். போகிற வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டு நலம் விசாரித்தாள். பூக்காரம்மா உள்ளே வந்து தானே பூ வைத்துவிட்டுப் போனாள். நான் மீசையை முறுக்கிக்கொண்டு காபி போடப் போனேன்.

பின்னால் கடகடவென்று சத்தம்.

"என்னங்க, மெதுவாத் தள்ளுங்க."

"நான் காபி போட்டுட்டிருக்கேம்மா."

"அப்ப தள்றது யாரு?"

திரும்பினேன். இரண்டு பக்கமும் சட்டத்தைப் பிடித்தபடி, தலை நிறையப் பூவோடு, உற்சவ மூர்த்தி மாதிரி அவள் வந்துகொண்டிருந்தாள். மாவுக்கட்டுக் கால் என் இடுப்பில் இடித்துத்தான் தேர் நின்றது. காபி தரையில் ஓடியது, அதுவும் பின்பக்கம் பார்த்து. கழுவிவிடுகிற தண்ணீர் கொல்லைத் தூம்புக்குப் போக வேண்டுமென்று நம் வீடுகளில் தரையைச் சாய்த்துத்தான் போடுவார்கள். நிபுணன் பழகியதெல்லாம் பங்களாக்களின் சாய்வில்லாத தரை. ஆனால் அவள் விழுந்ததிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சிவப்புச் சிமெண்டைக் கழுவித் தள்ளியவனும் நான்தான்.

பக்கத்து வீட்டுக் கன்னடக்கார அம்மா எட்டிப்பார்த்தார். "ஏன் சார், ஆனேக்கல் பஸ்ஸுக்கு பிரேக் இல்வா?" நிறுத்தத்தில் நிற்காமல் ஓடுவதற்குப் பேர்போன பஸ் அது.

மரத்தில் ஆப்பு ஒன்று சீவிச் சக்கரத்தடியில் வைத்தேன். மறுநாள் பார்த்தால் அவள் பூக்காரம்மாவிடம் சொல்லி ஆப்பில் ஒரு கயிற்றைக் கட்டவைத்து, நுனியைத் தன் கையில் வைத்திருந்தாள்.

"இது எதுக்கு?"

"பஸ்ஸுன்னா மணிக்கயிறு வேணாமா?"

அதற்குப்பின் தினமும் கடையிலிருந்து வந்ததும் அவளைத் தெருக்கதவுக்கு ஏற்றிவிடுவேன். இருட்டத் தொடங்கும்போது, ஒன்றும் தெரியாதவன் போல அடுப்பைப் பார்த்து நிற்பேன். ஆப்பு உருவப்படும். சக்கரங்கள் மெல்லக் கிளம்பும். அப்புறம் என் முதுகில் ஒரு கை. "உப்பு போட்டாச்சா?"

ஒவ்வொரு மாலையும் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். வேறெங்கும் போக அவளுக்கு வழியில்லை என்பதை நான் பொருட்படுத்தவில்லை.

கட்டுப் பிரித்தார்கள். நடந்தாள். மூன்று மாதத்து நடையையும் சேர்த்து நடந்தாள். மார்க்கெட், கோவில், பக்கத்து வீடு. நான் வரும்போது வீடு பூட்டியிருக்கும். "சக்கரத்தைக் கழட்டிடுங்க. திரும்பிப் படுத்தா கட்டில் கிளம்பிடுது" என்றாள். கழற்றினேன். அச்சுகளில் அவளுடைய நீள முடி சுற்றியிருந்தது. கடையில் எத்தனையோ பேர் முடியைக் குப்பையில் போட்டவன் நான். இதைப் போடவில்லை. எங்கே வைத்தேன் என்று கேட்காதீர்கள்.

மறுவருடம் பிரசவத்துக்காகச் சந்தாபுராவிலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள். வீட்டில் நானும் அடுப்பும். உப்பைப் பற்றிக் கேட்க ஆளில்லை. தினமும் இரண்டு தடவை போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கவில்லை. சக்கரங்களைத் தேடியெடுத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டினேன். கட்டிலைத் தெருக்கதவருகே நிறுத்தி ஆப்பு வைத்தேன். கயிற்றை நீட்டி அடுப்பு வரை கொண்டுவந்து, முதுகைக் காட்டி நின்று, இழுத்தேன். ஆப்பு வந்து என் காலில் விழுந்தது. சக்கரச் சத்தம் இல்லை. திரும்பிப் பார்த்தேன். வெறும் கட்டில் அங்கேயே நின்றது. நிபுணனுக்குக் காரணம் தெரியும். எடை போதவில்லை.

அடுத்த ஞாயிறு ஆனேக்கல் பஸ் ஏறிச் சந்தாபுராவில் இறங்கினேன். அவளிடம் சொன்னதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் பயந்துபோய் எட்டிப்பார்த்தார்.

"ஒரு அரிசி மூட்டையை ஏத்தியிருக்கலாமே!"

"உப்பு போட்டாச்சான்னு மூட்டை கேக்குமா?"

அவள் சிரிப்பை நிறுத்தினாள். என் சட்டைக் கையிலிருந்த எண்ணெய்க் கறையைக் கொஞ்ச நேரம் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"கழட்டிடாதீங்க" என்றாள், மாமியாருக்குக் கேட்காமல். "வரேன்."

கழற்றவில்லை. வாராவாரம் துடைத்து எண்ணெய் விட்டேன். கட்டில் தெருக்கதவருகேயே ஆப்போடு நின்றது. கயிற்றின் நுனியை அவள் தலையணைமேல் போட்டு வைத்திருந்தேன்.